உளவியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்: நடிப்பு எங்கே இருக்கலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உளவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், கல்லூரித் துறைத் தலைவர்களுக்கும், ப்ராஜெக்ட் கைடுகளுக்கும், எத்திக்ஸ் கமிட்டியில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் காலம் தொடங்கினாலே முன்பெல்லாம் வரும் கேள்வி, "சார், சாம்பிள் நூறு வேணுமா, அறுபது போதுமா" என்பதுதான். இப்போது வேறு ஒன்று வருகிறது: "ஏஐ-கிட்டயே கேட்டுக்கலாமா?" அதாவது சாட்பாட்டைத் திறந்து, 'நீ மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி, இந்த 21 கேள்விகளுக்குப் பதில் சொல்' என்று எழுதி, வயதையும் ஊரையும் மாற்றி மாற்றி நூறு தடவை ஓட்டினால் டீ ஆறுவதற்குள் எக்செல் ஷீட் நிறைந்துவிடும். 'சிமுலேஷன் ஸ்டடி' (பாவனை ஆய்வு) என்று அதற்குக் கௌரவமான ஒரு பெயரும் கிடைத்துவிடுகிறது. கேட்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கூகுள் ஃபார்ம் லிங்கை வாட்ஸ்அப் குழு குழுவாகப் போட்டு, "ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க அக்கா" என்று தெரியாதவர்களிடமெல்லாம் கெஞ்சி, பாதிப் பேர் எல்லாக் கேள்விக்கும் நடுவில் இருக்கும் பதிலையே தட்டிவிட்டுப் போனதைப் பார்த்து அலுத்துப்போனவர்கள் அவர்கள். என் கவலை, இந்தக் கேள்விக்கு நம்மிடம் எழுத்தில் ஒரு பதில் இல்லை என்பது. ஒரு கைடு சரி என்கிறார், அடுத்த அறையில் இருப்பவர் கூடவே கூடாது என்கிறார், இருவருமே ஏன் என்று சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், சிமுலேஷன் உண்மையிலேயே எங்கே வேண்டுமோ அங்கே அதைக் காணோம். கவுன்சலிங் படிக்கும் ஒரு மாணவி இரண்டு வருடம் தியரி படிக்கிறார், வகுப்புத் தோழியை எதிரே உட்கார வைத்து இரண்டொரு ரோல் பிளே செய்கிறார், அப்புறம் நேராக இன்டர்ன்ஷிப்பில், நிஜமாகவே உடைந்துபோய் வந்திருக்கும் ஒருவர் முன்னால் போய் உட்கார்கிறார். இந்தத் தலைகீழ் நிலைமையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் கௌரவ விரிவுரையாளர், உங்கள் குழுக் கூட்டங்களில் எனக்கு நாற்காலி கிடையாது, அதனால் வெளியில் நின்றுகொண்டே சொல்கிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். நம் துறையில் நாடகம் புதிதில்லை, பாடப்புத்தகத்தில் வரும் புகழ்பெற்ற சோதனைகளில் பல நாடகங்கள்தான். ஆனால் அவற்றில் எது பொய், எது நிஜம் என்று பிரித்துப் பாருங்கள். 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் சோதனையில், தவறான பதில் சொல்பவருக்கு ஷாக் கொடுக்கச் சொல்லி வந்தவர்கள் முன் வைத்த அந்த மின்சாரப் பெட்டி பொய். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை முப்பது சுவிட்ச், எதிலும் அடுத்தவருக்கு ஷாக் போகாது. அடுத்த அறையில் சுவரைத் தட்டியவர் முன்பே சொல்லிவைத்து உட்கார வைக்கப்பட்டவர். ஆனால் 1963-ல் வெளியான முதல் கட்டுரையின்படி 40 பேரில் 26 பேர் கடைசிச் சுவிட்ச் வரை போனார்களே, அந்த விரல்கள் நிஜம், வேர்வை நிஜம், இடையிடையே வந்த பதற்றச் சிரிப்பும் நிஜம். 2006-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டர் குழு அதையே கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு பெண்ணை வைத்துச் செய்து பார்த்தது. வந்திருந்த 34 பேருக்கும் அவள் வெறும் படம் என்று தெரியும். தெரிந்தும், அவளைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தவர்களின் உடல் நிஜ ஆள் முன்னால் இருப்பதுபோலவே பதறியது. அங்கேயும் பதறிய உடம்பு மனித உடம்பு.

நம் நாட்டிலேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. டெல்லியில் ஜிஷ்ணு தாஸும் உடன் ஆய்வாளர்களும், காசநோய் அறிகுறிகளைச் சொல்லப் பயிற்சி பெற்ற 'பாவனை நோயாளிகளை' டாக்டர்களிடம் அனுப்பினார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் 250 சந்திப்புகளில் 52-ல் மட்டுமே சரியான சிகிச்சைமுறை பின்பற்றப்பட்டிருந்தது. நோயாளி பொய், மருந்துச்சீட்டு நிஜம். டாக்டரிடம் நேரில் போய் 'நீங்கள் சரியாகப் பார்ப்பீர்களா' என்று கேட்டிருந்தால் இந்த உண்மை கிடைத்திருக்குமா?

ஆக, தூண்டுகிற பக்கத்தில் எவ்வளவு நடிப்பு வேண்டுமானாலும் இருக்கலாம். யாருடைய நடத்தையை நாம் எழுதி வைக்கிறோமோ அவர் நடிக்கக் கூடாது. அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையே சாட்சி. 1971 ஆகஸ்டில் 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு 15 டாலர் கொடுத்து, காவலர், கைதி என்று பிரித்து, பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் பொய்ச் சிறை. இரண்டு வாரத் திட்டம் ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. 'சூழ்நிலை நல்லவனையும் மிருகமாக்கும்' என்று நாமும் பவர்பாயின்ட் போட்டு நடத்துகிறோம், மாணவர்களும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். ஆனால் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் தேடிய பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்சியே 2018, 2019-ல் எழுதியதைப் பார்த்தால், காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கடுமை காட்டாத ஒரு காவலரிடம் இன்னும் கடுமையாக இருக்கச் சொல்லி வற்புறுத்தியதும் பதிவாகியிருக்கிறது. மிகவும் கொடூரமாக நடந்துகொண்ட காவலரே தான் ஒரு வேடம் போட்டு நடித்ததாகப் பின்னாளில் சொன்னார். பதில் தரவேண்டியவர்கள் இயக்குநர் சொன்னபடி நடிக்கத் தொடங்கிவிட்டால் நாம் பார்ப்பது மனித இயல்பையா, இயக்குநரின் விருப்பத்தையா? ஹாஸ்லமும் ரைக்கரும் செய்து 2002-ல் பிபிசி ஒளிபரப்பிய சிறை ஆய்வில் கதை வேறு மாதிரிப் போனது, காவலர்களால் ஒன்றுசேரவே முடியவில்லை. இது எத்தனை கல்லூரி நோட்ஸில் இருக்கிறது? ஸ்டான்ஃபோர்டைப் பாடத்திலிருந்து தூக்க வேண்டாம், ஒரு சிமுலேஷன் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கான பாடமாக நடத்துங்கள்.

இப்போது ஏஐ பதில்களுக்கு வருவோம். இதைச் செய்கிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. 2023-ல் ஆர்கைல் குழு, சாட்பாட்டை இயக்கும் மொழி மாடலிடம் அமெரிக்க வாக்காளர்களின் பின்னணியைக் கொடுத்து, வரும் பதில்கள் நிஜ சர்வேயோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தது. 2024-ல் ஜூன் சுங் பார்க்கும் ஸ்டான்ஃபோர்டு குழுவினரும் 1,052 அமெரிக்கர்களின் ஏஐ பிரதிகளை உருவாக்கினார்கள். அந்த மனிதர்களே இரண்டு வாரம் கழித்துத் தங்கள் பழைய பதிலைத் திரும்பச் சொல்வதில் இருக்கும் துல்லியத்தோடு ஒப்பிட்டால் பிரதிகள் அதில் 85 சதவீதத்தை எட்டின. பெரிய விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த 1,052 பேரையும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தார்கள். ஆளைப் பார்க்காமல் தப்பிக்க வழி தேடுபவருக்கு அந்த ஆய்வு ஒத்தாசை செய்யாது.

அது மட்டுமில்லை. 2024-ல் பிஸ்பி குழு இப்படிப்பட்ட செயற்கைப் பதில்களைச் சோதித்தபோது சராசரி ஓரளவு சரியாக வந்தாலும் பரவல் (பதில்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பது) நிஜத்தைவிடக் குறைவாக இருந்தது, கேள்வியின் வார்த்தையைக் கொஞ்சம் மாற்றினால் பதில் மாறியது, அதே கேள்வியைச் சில மாதம் கழித்துக் கேட்டால் வேறு முடிவு வந்தது. உளவியலில் பரவல் இல்லாத டேட்டாவை வைத்து என்ன செய்ய? மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி வித்தியாசப்படுகிறார்கள் என்பதுதானே நம் தொழில்.

இதில் நமக்கென்று தனியாக ஒரு வில்லங்கமும் இருக்கிறது. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் மூவரும் 2010-ல் எழுதியது நாம் எல்லோரும் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டுவது. அப்படி மேற்கோள் காட்டிவிட்டு, 'எனவே தமிழகச் சூழலில் ஆய்வு தேவை' என்று ஒரு வரி எழுதி, மூன்றாவது அத்தியாயத்தில் அமெரிக்க இணையத்தைத் தின்று வளர்ந்த இயந்திரத்திடம் 'நீ தேனி மாவட்டத்துக்காரன்' என்று சொல்லி டேட்டா எடுத்தால் சிரிப்பு வராதா? ஒரு நாடு பண்பாட்டில் அமெரிக்காவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ, அந்த மக்களின் பதிலிலிருந்து மாடலின் பதிலும் அவ்வளவு விலகுகிறது என்று 2023-ல் அட்டாரி குழு காட்டியது. ஏற்கெனவே நம் ஊர் மனிதர்கள் உளவியல் புத்தகத்தில் இல்லை. இருக்கிற கொஞ்ச இடத்தையும் அவர்களைப் போலப் பேசும் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் எப்போது வருவது?

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள், பையன்கள் தாங்களே உட்கார்ந்து நூறு ஃபார்மை நிரப்புவது ஊரறிந்த ரகசியம்தானே, ஏஐ அதைவிட மேல் இல்லையா என்று. (முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் கண் முன்னால்தான் நடக்கிறது. கண்ணாடியில் பார்த்து வரையும் மிரர் டிராயிங் சோதனையின் ரெக்கார்டு நோட்டில் சீனியரின் எண்களே வருடாவருடம் வலம் வருவதை வெளியிலிருந்து தேர்வுக்கு வரும் எந்த எக்ஸ்டர்னல் பார்த்ததில்லை?) நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாபெல் டேட்டாவைத் தானே எழுதி நிரப்பியது 2011-ல் வெளியே வந்தது, அதன்பின் 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் கையால் எழுதினார், இங்கே எந்திரம் எழுதுகிறது. ஏஐ-யிடம் வாங்கியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மோசடி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது அது அந்த மாடலைப் பற்றிய ஆய்வு. தலைப்பில் 'கல்லூரி மாணவிகளிடையே மனச்சோர்வு' என்று போட முடியாது.

சரி, ஆராய்ச்சியில் மனிதரே இல்லாத சிமுலேஷனுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது, நாம்தான் தொடவில்லை. ஒரே கூட்டத்திலிருந்து முப்பது முப்பது பேராக இரண்டு குழு எடுங்கள், எல்லாம் கம்ப்யூட்டர் தரும் எண்கள்தான், இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது என்று நமக்குத் தெரியும். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் போடுங்கள். ஆயிரம் தடவை திரும்பச் செய்யுங்கள். ஏறக்குறைய ஐம்பது தடவை 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று வரும். இதை ஒரு மதியம் செய்து பார்த்த மாணவர், 'குறிப்பிடத்தக்கது' என்று சொல்ல நாம் வைத்திருக்கும் 0.05 என்ற எண்ணை அதற்குப் பிறகு பயபக்தியோடு பார்க்கவே மாட்டார். இலவச மென்பொருளான ஆர் போதும், எக்செல்லில்கூட செய்யலாம். 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இதையேதான் பெரிய அளவில் செய்தார்கள்: இரண்டு அளவுகோல் வைத்துக்கொண்டு எது வேலை செய்கிறதோ அதைச் சொல்வது, முடிவு வரவில்லையென்றால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, பாலினத்தைக் கணக்கில் சேர்த்தும் விட்டும் பார்ப்பது, ஒத்துவராத ஒரு பிரிவைக் கைவிடுவது. இந்த நான்கு 'சின்னச் சின்ன' சுதந்திரங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவு சுமார் 61 சதவீதமாகிவிடுகிறது என்று கணக்கு காட்டியது. அந்த நான்கில் ஒன்றாவது செய்யாத ப்ராஜெக்ட் நம்மிடம் எத்தனை தேறும்? இங்கே சிமுலேஷன் மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, நம் கணக்குப் பழக்கத்தைச் சோதிக்கிறது. அதனால்தான் அது நேர்மையானது.

இதேபோல தாமஸ் ஷெல்லிங் 1971-ல் எழுதிய குடியிருப்பு மாதிரி. கட்டம் போட்ட தாளில் இரண்டு வகை நாணயங்களைப் பரப்பி, ஒவ்வொரு நாணயத்துக்கும் 'அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது என் வகை இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறுவேன்' என்று ஒரு மிதமான ஆசையை மட்டும் கொடுத்து நகர்த்திப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தாள் இரண்டு தனித்தனிப் பேட்டையாகப் பிரிந்துவிடும். வகுப்பில் செய்ய அருமையான பயிற்சி. ஆனால் இதைக் காட்டிவிட்டு 'நம் ஊரில் தெருக்கள் பிரிந்திருப்பதும் இப்படித்தான்' என்று ஆசிரியர் சொன்னால் நான் எழுந்து நின்று மறுப்பேன். ஊரும் சேரியும் பிரிந்தது மிதமான ஆசைகள் தற்செயலாகச் சேர்ந்ததால் இல்லை, அடித்துத் துரத்தியதால், கிணற்றை மறித்ததால், நிலம் வாங்க விடாததால். மாதிரி சொல்வது 'இப்படியும் நடக்கக்கூடும்' என்பதை. 'இப்படித்தான் நடந்தது' என்று சொல்ல வரலாறு வேண்டும்.

சாதி என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் அயோவாவின் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து ஒரு நாள் ஒரு கூட்டத்தை மட்டமாக நடத்திக் காட்டியது உங்களுக்குத் தெரியும். அதே பாணியில் நம் பள்ளிகளில் சாதியை 'அனுபவித்து உணர வைக்கும்' பயிற்சி செய்யலாம் என்று பி.எட். கருத்தரங்கில் யாராவது எழுந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வகுப்பு முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள், கண் நிறத்தை வைத்து அவர்களை அதற்கு முன் யாரும் மட்டம் தட்டியதில்லை. நம் வகுப்பில் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்துக்கே அர்த்தம் இருக்கிறது. அந்தப் பயிற்சி யாருக்கோ பயிற்சியாகவும் யாருக்கோ நேற்று நடந்ததன் மறு ஒளிபரப்பாகவும் இருக்கும்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் நிகழ்ச்சிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பார்வையற்றவரான அரியெல் சில்வர்மனும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் கட்டி நடந்தவர்கள் பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவோ தனியாக வாழவோ அவ்வளவாக முடியாது என்று, வேறு குறைபாடுகளைப் பாவனை செய்து பார்த்தவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். காரணம் எளிது: கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்துத் தடுமாற்றத்தைத்தான் அவர்கள் அனுபவிக்கிறார்கள், இருபது வருடப் பழக்கத்தை இல்லை. மனச்சிதைவில் கேட்கும் குரல்களை ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டும் பயிற்சிகளிலும் இதே கதை. 2011-ல் ஆண்டோ குழு செய்த தொகுப்பாய்வில் பரிவு கூடியது, கூடவே அப்படிப்பட்டவர்களிடமிருந்து விலகியிருக்கும் எண்ணமும் கூடியது. மனச்சிதைவு உள்ளவர்களுக்காகச் சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது, குணமாகி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நேரில் அழைத்து ஒரு மணி நேரம் பேச வைக்கலாமே. நிஜ ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவர் வேடத்தை நாம் ஏன் போட வேண்டும்?

வேடம் தேவைப்படும் இடம், தவறு செய்தால் நிஜ ஆளுக்கு வலிக்கும் இடம். அதாவது கவுன்சலிங் பயிற்சி. மருத்துவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். 1963-ல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியாக நடிக்கச் சொல்லிக்கொடுத்து மாணவர்களைப் பரிசோதிக்க வைத்தார். ஆரம்பத்தில் கேலி செய்தார்கள்; இன்று அது உலகம் முழுக்கத் தேர்வு முறை. இந்தியாவில் 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் ஸ்கில்ஸ் லேப் (பொம்மைகளை வைத்துக் கைப்பழக்கம் பெறும் கூடம்) கட்டாயம் என்றது. ஊசி போட்டுப் பழக ரப்பர் கை இருக்கிறது. "இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுது மேடம்" என்று ஒருவர் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? 2025-26 முதல் உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. சுகாதாரப் படிப்பு என்று அதை நினைப்பதால்தான் அந்த உத்தரவு. அப்படியென்றால் நேரில் வரவைத்த பிள்ளைகளுக்கு நேரில்தான் கற்க முடிந்த ஒன்றைக் கொடுக்க வேண்டாமா, அதே பவர்பாயின்ட்டையா?

இப்போது நடக்கும் ரோல் பிளேயில் என்ன கோளாறு என்று பார்ப்போம். முதல் கோளாறு, கேஸ் எல்லாம் இறக்குமதி. தனியாக வந்து உட்கார்ந்து, "நான் பதற்றமாக உணர்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும் ஒருவர். நம்மிடம் யார் அப்படி வருகிறார்கள்? திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் வருவார், தலை பாரமாக இருக்கிறது, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்பார், அதுவும் அவர் சொல்ல மாட்டார், கூட வந்த மாமியார் சொல்வார். பயிற்சி எடுப்பவருக்கு அங்கே முதல் வேலை, மாமியாரின் மனம் கோணாமல் அவரைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்காரச் சொல்வது. அடுத்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பும் ஒருவர். அதற்குத் தலையாட்டவும் கூடாது, உதட்டோரம் சிரிக்கவும் கூடாது. ஐம்பது வயதுக்காரர் இருபத்திரண்டு வயது மாணவியை "பாப்பா" என்பார். இவர் அவரை ஐயா என்பதா, அண்ணா என்பதா, சார் என்பதா என்பதிலேயே அந்த அரை மணி நேரத்தின் போக்கு பாதி முடிவாகிவிடும். பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லும் புத்தகம் இதற்கு உதவாது. அப்புறம் ரிசல்ட் அன்று போனில் வரும் பையன். 104, 14416 என்ற உதவி எண்களில் போனை எடுக்க உட்காரப் போகிறவர்கள் நம் மாணவர்களில் இருக்கிறார்கள். அவன் இரண்டு வார்த்தை பேசுவான், பின்னால் டிவி சத்தம் கேட்கும், லைன் கட்டாகும். இந்த அமைதியில் என்ன செய்வது என்பதை எந்த எழுத்துத் தேர்வு சோதிக்கும்?

இரண்டாவது கோளாறு, கிளையன்டாக உட்கார்வது வகுப்புத் தோழி. ஒன்று, இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அல்லது, இது இன்னும் மோசம், 'ஏதாவது ஒரு பிரச்சினையைச் சொல்லு' என்றதும் சட்டென்று ஒன்றும் தோன்றாமல் அந்தப் பெண் தன் வீட்டுக் கதையையே சொல்லத் தொடங்குவார், நடுவில் நிஜமாகவே அழுதுவிடுவார், முப்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆசிரியர் மார்க் போட்டுக்கொண்டிருப்பார். மணி அடிக்கும், அடுத்த வகுப்பு. இதற்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் இது 'வகுப்பு'.

அதனால்தான் வெளியிலிருந்து நடிகர்கள் வேண்டும் என்கிறேன். தமிழ்நாட்டில் நாடகக்காரர்களுக்கா பஞ்சம்? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது, புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஊர் ஊருக்கு நவீன நாடகக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு கேஸை அரை நாளில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எந்தக் கேள்வி கேட்டால் மனம் திறக்க வேண்டும், எந்தத் தொனி வந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்பதுவரை எழுதித் தரலாம். ஒரே கேஸை எட்டு மாணவர்களுக்கும் ஒரே மாதிரி நடித்துக் காட்டுவது அவர்கள் தொழில், தோழியால் முடியாது. சாட்பாட்டைக் கிளையன்டாக வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கேள்வியை எப்படி அமைப்பது என்று வீட்டில் பழக வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை, அங்கே பதில் தருவதுதான் எந்திரம், கற்றுக்கொள்கிறவர் மனிதர், என் கணக்குப்படி அது சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது மௌனமாக இருக்காது, முந்தானையைத் திருகாது, இரண்டு ஆறுதல் வார்த்தை சொன்னதும் நன்றி சொல்லித் தெளிவடைந்துவிடும். அதோடு மட்டும் பழகிய பிள்ளை நிஜ ஆள் முன்னால் திணறும்.

நடிப்பு முடிந்ததும் வரும் அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்கு மிகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. டிப்ரீஃபிங், அதாவது முடிந்ததும் நடந்ததை விளக்கிப் பேசித் தெளிவது, என்பதை நாம் 'எப்படி இருந்தது? ஓகே, குட்' என்று முடித்துவிடுகிறோம். நடித்தவர் முதலில் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, 'நான் அவர் இல்லை' என்று வெளியே வரவேண்டும். பின்பு கிளையன்டாக இருந்தபோது எந்த இடத்தில் நெருக்கமாக உணர்ந்தார், எங்கே தள்ளிவிடப்பட்டதாக உணர்ந்தார் என்று மாணவியிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டும். ஆராய்ச்சியில் இது இன்னும் கறாராக வேண்டும். மில்கிராமின் சோதனையில் கலந்துகொண்ட பலர் முழு உண்மை தெரியாமலே, யாருக்கோ ஷாக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனார்கள் என்று ஜீனா பெர்ரி 2010-களில் ஆவணங்களைத் தோண்டி எழுதியிருக்கிறார். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. உண்மையை மறைத்து ஆய்வு செய்தால் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது அதில் உண்டு. நம் கமிட்டிப் படிவங்களில் 'டிப்ரீஃபிங்: ஆம்/இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கும், ஆம் என்று டிக் அடித்திருப்பார்கள். யார், எப்போது, என்ன சொல்லப்போகிறார் என்று எழுத வைக்க இரண்டு வரி இடம் விட்டாலே பாதி மாறிவிடும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதையெல்லாம் பேச நேரம் இருக்காது என்று தெரியும், அதனால் முடிந்ததிலிருந்து தொடங்குங்கள். ப்ராஜெக்ட் விதிகளில் ஒரு வரி சேருங்கள்: ஏஐ தந்த பதில்கள் பங்கேற்பாளர் எண்ணிக்கையில் சேராது, கேள்வித்தாளின் வார்த்தைகளைச் சரிபார்க்க முன்னோட்டமாகப் பயன்படுத்தினால் எந்த மாடல், எந்தத் தேதி, என்ன கேட்டீர்கள் என்பது பின்னிணைப்பில் இருக்க வேண்டும். அந்த வரியைச் சேர்க்கும் அதே கையோடு 'குறைந்தது 100 சாம்பிள்' என்ற எழுதாத சட்டத்தையும் எடுத்துவிடுங்கள், பிள்ளைகளைத் திருட்டுக்குத் தள்ளுவதே அதுதான். பன்னிரண்டு பேரை உட்கார்ந்து ஒழுங்காகப் பேட்டி எடுத்தவருக்கு நூறு ஃபார்ம் நிரப்பியவரைவிடக் குறைந்த மார்க் ஏன்? மிரர் டிராயிங், முல்லர்-லையர் (கோட்டின் நீளத்தில் கண் ஏமாறும் சோதனை) என்று வருடாவருடம் ஓடும் பிராக்டிகலில் ஒன்றைக் குறைத்து அந்த ஆயிரம் டி-டெஸ்ட் பயிற்சியை வையுங்கள். கவுன்சலிங் தாளில் நடிகரோடு உட்கார்ந்த நேரத்தை, டிப்ரீஃபிங்கோடு சேர்த்து, இன்டர்ன்ஷிப்புக்கு முன்நிபந்தனை ஆக்குங்கள். கேஸ்களைத் தமிழில், அந்தந்த வட்டாரப் பேச்சில் எழுதிப் பொதுவில் வைத்துக்கொள்ள ஒரு தொகுப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு கல்லூரியும் வருடத்துக்கு இரண்டு தந்தாலே போதும். நான் எழுதி வைத்திருப்பதில், மாமியாரோடு வரும் அந்தத் திருப்பூர்ப் பெண் உட்பட, சிலவற்றைத் தர இப்போதே தயார்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
உளவியல் துறை

பின்குறிப்பு: நடிகர்களுக்குப் பணம் கொடுக்கக் கணக்கில் தலைப்பு இல்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். விருந்தினர் சொற்பொழிவு என்ற தலைப்பில் எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். போக்குவரத்துச் செலவையும் அதிலேயே சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் தஞ்சாவூரிலிருந்து வருகிறவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.